கையை விடுதலும் கைவிடுதலும்

1960ஆம் ஆண்டுகளில் குளுவாங், லாபிஸ், கூலாய் வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்களில் விடியற்காலை நான்கு மணிக்கே லயன் வீடுகளில் விளக்கு எரியத் தொடங்கிவிடும். தாய் அடுப்பை மூட்டிச் சோறு வடிப்பாள். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் ஒப்படைத்துவிட்டுக் கணவனோடு பெரட்டுக் களத்திற்கு விரைவாள். பெயர் கூப்பிட்டு முடிந்ததும் இருவரும் உளியோடும் வாளியோடும் தத்தம் நிரைக்குப் போய்விடுவர். அதற்குப் பிறகு அந்த வீட்டின் பொறுப்பு ஒன்பது அல்லது பத்து வயது மூத்த பிள்ளையுடையது. தம்பி தங்கைகளை எழுப்பிக் குழாயடிக்குக் கூட்டிச் சென்று, பசியாற வைத்து, கதவைச் சாத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் தோட்டத் தமிழ்ப்பள்ளியை அடைய வேண்டும். பெரியவர் எவரும் உடன் வருவதில்லை.

இன்றும் அதே நான்கு மணிக்கு ஜொகூர் பாரு, மாசாய், ஸ்கூடாய் வட்டாரங்களின் வீடமைப்புப் பகுதிகளில் விளக்குகள் எரிகின்றன. சிங்கப்பூரில் வேலை செய்யும் பெற்றோர் நெரிசலுக்கு முன்பே ஜொகூர் பாலத்தைக் கடக்க மோட்டார் சைக்கிளில் புறப்படுகின்றனர். பிள்ளை உறங்கிக்கொண்டிருக்கிறான். பாட்டி அவனை எழுப்பிச் சட்டையை மாட்டிவிடுகிறார். வாசலுக்கு வரும் வேன் அவனைப் பள்ளி வாயிலில் இறக்கிவிடுகிறது. பள்ளி முடிந்ததும் அதே வேன் அவனை டியூஷன் வகுப்பில் விடுகிறது. மாலையில் அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் இரும்புக் கதவு பூட்டப்படுகிறது. ஒரு நாள் முழுவதும் அவன் தானாக முடிவெடுத்துச் செய்த செயல் எது என்று கேட்டால், பெரும்பாலும் கைப்பேசியில் எந்த விளையாட்டை விளையாடுவது என்பதாகத்தான் இருக்கும்.

இரண்டு விடியற்காலைகளுக்கும் இடையே இரண்டு தலைமுறைகள் உள்ளன. பெற்றோர் உழைப்பதும் அதிகாலையில் வீட்டை விட்டுப் போவதும் மாறவில்லை. பிள்ளையின் நிலைதான் மாறிவிட்டது. அன்று குடும்பத்தைத் தாங்கும் ஒரு கையாக இருந்த பிள்ளை, இன்று பத்திரமாக ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குக் கொண்டு சேர்க்கப்படும் பொருளாகிவிட்டான். இது வளர்ச்சியா, இழப்பா என்பது அனைவரும் சிந்திக்க வேண்டிய கேள்வியாகும்.

தோட்டத்துப் பிள்ளைகளின் ஒரு நாளைக் கணக்கிட்டால் வியப்பு மேலிடும். பள்ளி விட்டதும் சிலர் நிரைக்குச் சென்று மங்கு துடைப்பர். ஒட்டுப்பால் எடுத்துப் பெற்றோருக்கு உதவுவர். சிலர் தண்ணீர் பிடிப்பர், விறகு பொறுக்குவர், ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு போவர். எஞ்சிய நேரம் அவர்களுடையது. கோலி, கில்லி, பம்பரம் எல்லாவற்றிற்கும் விதிகளை அவர்களே வகுத்துக்கொண்டனர். சண்டை வந்தால் தீர்ப்பு வழங்க நடுவர் எவரும் இல்லை. விளையாட்டைத் தொடர வேண்டுமானால் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்பதை அவர்கள் அங்கேதான் கற்றனர். எந்தக் கிளை தாங்கும், எந்தக் கிளை முறியும். ஓடையில் எந்த இடம் ஆழம், எந்த இடம் மணல் என்பதெல்லாம் எந்தப் பாடநூலிலும் இல்லாத பாடங்கள்.

ஆறாம் ஆண்டு முடிந்ததும் அடுத்த படி காத்திருந்தது. இடைநிலைப்பள்ளி பட்டணத்தில் இருந்தது. தமிழ்ப்பள்ளியிலிருந்து சென்றவர்கள் முதலில் புகுமுக வகுப்பில் ஓராண்டு பயில வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் செம்மண் சாலையில் மிதிவண்டி மிதித்தோ நடந்தோ பெரிய சாலைக்கு வந்து, பேருந்து ஏறி, பழக்கமில்லாத ஊரில், புதிய மொழிச் சூழலில், முன்பின் தெரியாத நண்பர்களிடையே அமர வேண்டும். மழை வந்தால் என்ன செய்வது, பேருந்தைத் தவறவிட்டால் யாரைக் கேட்பது, கையில் உள்ள சில்லறையை எப்படிப் பங்கிடுவது என்பவற்றையெல்லாம் அவர்களே முடிவு செய்தனர். பின்னாளில் ஆசிரியராகவும் தாதியராகவும் வழக்கறிஞராகவும் உயர்ந்த பலருக்கு அந்தச் செம்மண் சாலையே முதல் பயிற்சிக் களமாக இருந்தது.

எனினும், பழைய காலத்தைப் பொற்காலமாகப் போற்றுவது நேர்மையாகாது. அந்தச் சுதந்திரத்தைப் பெற்றோர் கல்விக் கொள்கையாக ஆராய்ந்து வழங்கவில்லை. வறுமை அதை வழங்கியது. பிள்ளையோடு பள்ளிக்கு நடந்தால் தாயின் அன்றைய சம்பளம் போய்விடும். அதனால்தான் பிள்ளை தனியே நடந்தது. பாம்புக்கடியும் ஆற்றில் மூழ்கிய சாவும் தோட்டங்களில் நடக்காத ஒன்றல்ல. தம்பியைப் பார்த்துக்கொள்வதற்காகப் படிப்பை இடையில் நிறுத்திய அக்காமார் ஏராளம். ஒன்பது வயதில் சோறாக்கத் தெரிந்ததைப் பெருமையாகச் சொல்லலாம். ஆனால், அந்தச் சோற்றுக்காக அவள் இழந்த வகுப்புகளை யார் திருப்பித் தருவது?

இத்தகைய நிலையை மாற்றவே சட்டங்கள் வந்தன. 1966ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குழந்தைகள், இளையோர் வேலைவாய்ப்புச் சட்டம் பிள்ளைகளை வேலை வாங்குவதற்கு வரம்பு விதித்தது. 2003ஆம் ஆண்டு முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. இவை தேவையான மாற்றங்கள், பாராட்டத்தக்கவை. “எங்கள் காலத்தில் நாங்கள் தனியாகத்தான் வளர்ந்தோம்; எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?” என்று பெரியவர்கள் சிலர் கேட்பதுண்டு. அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் தப்பிப் பிழைத்து முன்னேறியவர்கள். ஓடையில் மூழ்கியவனும் நான்காம் ஆண்டிலேயே பள்ளியை விட்டவளும் அந்தக் கேள்வியைக் கேட்க முன்வருவதில்லை. ஒரு தலைமுறையை மதிப்பிடும்போது அவர்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. தோட்டத்துப் பிள்ளை தனியாக நடந்ததே தவிர, ஆளில்லாத இடத்தில் நடக்கவில்லை. லயன் வீடுகளின் திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். மளிகைக்கடைக்காரருக்கு ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் தெரியும். ஆயா, மண்டோர், ஆசிரியர், கோயில் பூசாரி என்று எல்லாரும் அந்தப் பிள்ளைக்கு மாமாவோ அத்தையோ தாத்தாவோதான். ஒருவன் ஆற்றுப் பக்கம் போனால் அன்று மாலைக்குள் அந்தச் செய்தி தாயின் காதை எட்டிவிடும். கண்களால் கட்டப்பட்ட வேலி ஒன்று தோட்டத்தைச் சுற்றி இருந்தது. அந்த வேலிக்குள்தான் பிள்ளைகள் ஓடியாடித் திரிந்தனர். பெற்றோர் துணிச்சலாகப் பிள்ளையை விட்டதற்கு அந்த வேலியும் ஒரு காரணம்.

அந்த வேலி பிறகு மெல்லச் சரிந்தது. ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. செம்பனைக்கு ரப்பர் அளவுக்கு ஆள் தேவையில்லை. நகரை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. 1977ஆம் ஆண்டில் பாசிர் கூடாங்கில் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. அதனைச் சுற்றித் தொழிற்சாலைகள் பெருகின. 2006ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இஸ்கண்டார் மலேசியா திட்டம் ஜொகூரின் தென்பகுதியை மேலும் நகரமயமாக்கியது. ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் வெவ்வேறு மலிவுவிலை அடுக்குமாடிகளில் சிதறிக் குடியேறின. மேல் மாடியில் இருப்பவர் யார் என்று கீழ் மாடியில் இருப்பவருக்குத் தெரியாது. பிள்ளையைக் கண்காணித்த நூறு கண்கள் போய், தாய் தந்தையின் நான்கு கண்கள் மட்டுமே எஞ்சின. அவையும் பகல் முழுதும் வேலையிடத்தில் இருக்கின்றன.

ஆகவே, இன்றைய பெற்றோரின் அச்சத்தைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. அதற்கு நியாயமான காரணங்கள் உள்ளன. முதலாவது சாலை. நாட்டில் பதிவுபெற்ற வாகனங்களின் எண்ணிக்கை மூன்று கோடியைத் தாண்டிவிட்டது. 2023ஆம் ஆண்டில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாலை விபத்துகளில் உயிரிழந்தனர். உலக அளவில் 5 முதல் 29 வயது வரையுள்ளோரின் மரணத்திற்குச் சாலை விபத்தே முதன்மைக் காரணம் என்று உலகச் சுகாதார நிறுவனம் எச்சரித்துள்ளது. மாட்டு வண்டியும் மிதிவண்டியும் ஓடிய செம்மண் சாலையையும் கனவுந்துகள் விரையும் பாசிர் கூடாங் நெடுஞ்சாலையையும் ஒன்றாகக் கருத இயலாது.

இரண்டாவது, காதுக்கு எட்டும் செய்திகள். 2000ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் தலைநகர் வட்டாரத்தில் சிறுமிகள் காணாமற்போன செய்திகள் நாட்டையே உலுக்கின. 2019ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. நச்சுக் காற்றைச் சுவாசித்த மாணவர்கள் வகுப்பறையிலேயே மூச்சுத்திணறலுக்கு ஆளாயினர். ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர், அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன. பள்ளிக்கு அனுப்பிய பிள்ளை மருத்துவமனையில் கிடப்பதைக் கண்ட ஒரு தாயிடம், “அளவுக்கு மீறி அஞ்சாதீர்கள்” என்று எந்த வாயால் சொல்வது? மேலும், பிள்ளையைத் தகுந்த மேற்பார்வையின்றி விட்டுச் செல்வது 2001ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவின்படி குற்றமாகும். பெற்றோருக்குச் சட்டப் பொறுப்பும் உண்டு.

அச்சத்திற்குக் காரணம் இருப்பது உண்மை. ஆனால், அந்த அச்சம் காரணம் இல்லாத இடங்களுக்கும் பரவிவிட்டது என்பதுதான் சிக்கல். படிவம் ஒன்றில் பயிலும் மகனின் புத்தகப்பையைத் தந்தை வகுப்பு வாசல் வரை சுமந்து வருகிறார். மறந்துபோன தண்ணீர்ப் புட்டியைக் கொடுக்கத் தாய் வேலைக்கு விடுப்பெடுத்து ஓடி வருகிறார். மகளுக்கு ஆசிரியர் கொடுத்த செயல்திட்டத்தை இரவு முழுவதும் விழித்திருந்து பெற்றோரே செய்து முடிக்கின்றனர். நாளைக்கு என்ன வீட்டுப்பாடம் என்று பிள்ளை கேட்பதில்லை. புலனக் குழுவில் தாய் கேட்கிறார். பாசிர் கூடாங் நெடுஞ்சாலையின் ஆபத்துக்கும் தண்ணீர்ப் புட்டியை மறப்பதற்கும் என்ன தொடர்பு? முன்னது உயிரைப் பறிக்கும். பின்னது ஒரு நாள் தாகத்தைத் தரும். மறுநாள் முதல் நினைவாற்றலைத் தரும்.

இத்தகைய பெற்றோரைக் குறிக்க ‘ஹெலிகாப்டர் பெற்றோர்’ என்னும் தொடர் உலகெங்கும் வழங்கி வருகிறது. 1969ஆம் ஆண்டில் உளவியலாளர் ஹெய்ம் கினாட் எழுதிய நூலில், தன் தாய் ஹெலிகாப்டரைப் போல் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருப்பதாக ஓர் இளைஞன் கூறுவதாக வரும் ஒப்புமையே இதற்கு வித்து. அமெரிக்காவில் பிறந்த தொடராயினும் அதன் பொருள் ஜொகூரின் பள்ளி வாசல்களில் நன்கு விளங்கும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். ஆனால், காக்கைகூடச் சிறகு முளைத்த குஞ்சைக் கூட்டிலேயே வைத்து ஊட்டிக்கொண்டிருப்பதில்லை.

பிள்ளை கற்கும் விதத்தை ஆராய்ந்த ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி, இன்று பிறர் துணையோடு செய்வதை நாளை குழந்தை தானே செய்யும் என்று விளக்கினார். ஆசிரியர் பயிற்சியில் இன்றளவும் போதிக்கப்படும் கருத்து இது. இதில் இரண்டு பாதிகள் உள்ளன. துணை செய்வது முதல் பாதி. துணையை உரிய நேரத்தில் விலக்கிக்கொள்வது மறு பாதி. கட்டடம் எழும்பும்போது சாரம் கட்டுகிறார்கள். சுவர் காய்ந்ததும் சாரத்தை அவிழ்க்கிறார்கள். சாரத்தை அவிழ்க்காத கட்டடத்தில் எவரும் குடியேற முடியாது. இன்றைய பெற்றோர் பலர் முதல் பாதியில் முழு மதிப்பெண் பெறுகின்றனர். இரண்டாம் பாதியைத் தொடுவதே இல்லை.

சாலையைப் பற்றிய அச்சத்திலும் ஒரு விந்தை உண்டு. 1990ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மேயர் ஹில்மனும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 1971ஆம் ஆண்டில் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளுள் 80 விழுக்காட்டினர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றனர். 1990இல் அது 9 விழுக்காடாகச் சரிந்தது. அதே காலத்தில் சாலையில் இறந்த பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. சாலை பாதுகாப்பாக மாறிவிட்டது என்று பலர் மகிழ்ந்தனர். ஹில்மன் அதை ஏற்கவில்லை. பிள்ளைகள் சாலையிலிருந்து அகற்றப்பட்டதால்தான் இறப்பு குறைந்தது என்று அவர் சுட்டிக்காட்டினார். வாகனத்திற்கு அஞ்சிப் பிள்ளையை வாகனத்தில் ஏற்றினால் சாலையில் இன்னும் ஒரு வாகனம் கூடுகிறது. நடந்து வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அதுவே ஆபத்தாகிறது. காலை ஏழு மணிக்கு எந்தப் பள்ளியின் வாசலிலும் இதைக் கண்ணால் காணலாம். அங்கே பிள்ளைகளை அச்சுறுத்துபவை அவர்களை ஏற்றி வந்த மகிழுந்துகளே.

வீட்டுக்குள்ளும் இத்தகைய முரண் ஒன்று உண்டு. வாசலில் இரும்புக் கதவு, அதற்கு இரட்டைப் பூட்டு. ஆனால், அறைக்குள் பிள்ளையின் கையில் திறன்பேசி. அதன் வழியாக உலகின் எந்த மூலையில் இருக்கும் அந்நியரும் அவனிடம் பேசலாம். சிறுவர்களிடம் நயமாகப் பேசிப் பழகித் தீய நோக்கத்திற்குப் பயன்படுத்துவதைத் தண்டிக்க 2017ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. முனைக் கடைக்கு ரொட்டி வாங்க அனுப்ப அஞ்சும் குடும்பம், இந்த வாசலைத் திறந்து வைத்திருப்பதை உணர்வதில்லை. கடைக்குப் போகும் பிள்ளை தெரிந்த முகங்களைச் சந்திக்கும். ஆள் எப்படிப்பட்டவர் என்று எடைபோடப் பழகும். அந்தப் பழக்கம் இல்லாத பிள்ளைதான் திரைக்குப் பின்னால் இருப்பவரை எளிதில் நம்பிவிடுகிறது.

பெண்பிள்ளைகளின் நிலையைத் தனியாகப் பேச வேண்டும். தோட்டத்தில் மூத்த மகளுக்குக் கிடைத்தது உழைப்பின் பொறுப்பு. விளையாட்டின் சுதந்திரம் பெரும்பாலும் அவளுடைய தம்பிக்கே கிடைத்தது. இன்று அவளுடைய பேத்திக்கு உழைப்பின் சுமை குறைந்துவிட்டது. சுதந்திரமோ இன்னும் வந்து சேரவில்லை. பன்னிரண்டு வயது மகன் மிதிவண்டியில் பூப்பந்துத் திடலுக்குப் போகிறான். பதினேழு வயது மகள் நூலகத்திற்குப் போக அவனைத் துணைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. பாதுகாப்பு என்ற பெயரில் ஒருத்தியை அறியாதவளாகவே வைத்திருப்பது அவளுக்குப் பாதுகாப்பாகாது. நாளை பல்கலைக்கழகத்திற்காகவோ வேலைக்காகவோ வெளியூர் செல்லும்போது, வழி கேட்கவும் மறுத்துப் பேசவும் உதவி தேடவும் அவள் எங்கே பழகியிருப்பாள்?

இந்தக் கேள்விக்கு நாட்டுச் சட்டமே ஒரு கெடு வைத்துவிட்டது. பதினாறு வயதில் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கலாம். 2019ஆம் ஆண்டில் அரசியலமைப்புச் சட்டம் திருத்தப்பட்டு வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது. அந்தத் திருத்தத்தின்படி பதினெட்டு வயது இளையோர் முதன்முதலாக வாக்களித்தது 2022 மார்ச் 12ஆம் நாள் நடைபெற்ற ஜொகூர் சட்டமன்றத் தேர்தலில்தான். பதினேழு வயது வரை எந்தச் சட்டையை அணிவது, எந்தப் பாடத்தை எடுப்பது என்பவற்றைக்கூடப் பெற்றோரே முடிவு செய்துவிட்டு, பதினெட்டாவது பிறந்த நாளன்று, “இனி உன் மாநிலத்தை ஆள்வது யார் என்று நீயே முடிவு செய்” என்றால் அவன் எப்படிச் செய்வான்? முடிவெடுக்கும் திறன் பிறந்தநாள் பரிசாக வருவதில்லை. சிறு சிறு முடிவுகளை எடுத்து, அவற்றுள் சிலவற்றில் தவறி, தவற்றின் விளைவைச் சுமந்து பழகியவனுக்கே அது வரும்.

ஜப்பானில் தொடக்கப்பள்ளி மாணவர்கள் பலர் மஞ்சள் தொப்பி அணிந்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு அணியாகப் பள்ளிக்கு நடந்து செல்கின்றனர். மூத்த மாணவர் முன்னே செல்ல, சிறியவர்கள் பின்தொடர்வர். வழியில் உள்ள சில கடைகளிலும் வீடுகளிலும் ‘110’ என்ற எண்ணைத் தாங்கிய அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கும். அந்த நாட்டில் காவல்துறையை அழைக்கும் எண் அது. ஆபத்து என்று உணரும் பிள்ளை எந்த நேரத்திலும் அந்தக் கதவைத் தட்டலாம். பள்ளியிலும் மதிய உணவைப் பரிமாறுவதும் வகுப்பறையைத் துப்புரவு செய்வதும் மாணவர்களே. அங்கும் வாகனங்கள் உண்டு, குற்றங்களும் நடக்கின்றன. ஆனால், பிள்ளையை வீட்டுக்குள் அடைப்பதற்குப் பதிலாகத் தெருவில் ஒரு வேலியைக் கட்டியிருக்கின்றனர். தோட்டத்து லயத்தில் தானாக அமைந்திருந்த கண்களின் வேலியை, நகரத்தில் திட்டமிட்டு எழுப்பியிருக்கின்றனர்.

இங்கும் அது முடியும். 1975ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் ருக்குன் தெத்தாங்கா என்னும் அக்கம்பக்கத்தார் அமைப்பு பல வீடமைப்புப் பகுதிகளில் உள்ளது. ஒரே பள்ளிக்குச் செல்லும் ஐந்தாறு பிள்ளைகள் சேர்ந்து நடக்கவும், முறை வைத்து ஒரு பெரியவர் பின்தொடரவும், வழியிலுள்ள மளிகைக்கடையும் மருந்துக்கடையும் பிள்ளைகளுக்கு அடைக்கலம் தரவும் அதன் வழியாக ஏற்பாடு செய்யலாம். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அந்த வரிசையில் இருப்பர். பிள்ளைகள் சேர்ந்து நடந்தால் பெற்றோரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வர். பள்ளிக்கு அருகில் வேகத்தடையும் நடைபாதையும் பாதுகாப்பான கடவையும் கேட்டு ஊராட்சி மன்றத்தை அணுக, தனித்தனிக் குடும்பங்களைவிடச் சேர்ந்து நிற்கும் குடும்பங்களுக்கு வலிமை அதிகம்.

வீட்டில் செய்யக்கூடியது இதைவிட எளிது. ஏழு வயதுப் பிள்ளை தன் பையைத் தானே அடுக்கட்டும். ஒன்பது வயதில் முட்டை பொரிக்கவும், கடையில் பணம் கொடுத்து மீதியைச் சரிபார்க்கவும் பழகட்டும். பதினொரு வயதில் நண்பர்களோடு நூலகத்திற்குப் போய் வரட்டும். பதின்மூன்று வயதில் பெற்றோரோடு பேருந்து வழித்தடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுமுறை தனியே பயணம் செய்யட்டும். நீச்சல் கற்பித்த பிறகு தண்ணீருக்கும், சாலையைக் கடக்கக் கற்பித்த பிறகு சாலைக்கும் விடுவது முறை. எந்த வயதில் எது என்பதை நாட்காட்டி தீர்மானிக்க முடியாது. அந்தப் பிள்ளையையும் அந்தத் தெருவையும் அறிந்த பெற்றோரே தீர்மானிக்க வேண்டும். 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சபைக் குழந்தை உரிமை உடன்படிக்கையும் பிள்ளையின் வளர்ந்துவரும் ஆற்றலுக்கு ஏற்பவே பெற்றோர் வழிகாட்ட வேண்டும் என்கிறது. மலேசியா 1995இல் அந்த உடன்படிக்கையில் இணைந்தது.

தமிழில் ‘கையை விடுதல்’, ‘கைவிடுதல்’ என்று இரண்டு தொடர்கள் உள்ளன. கேட்பதற்கு ஒன்றுபோல் இருப்பினும் பொருள் வேறு. நடை பழகும் குழந்தையின் கையைத் தாய் விடுகிறாள். இரண்டடி தள்ளி நின்று இரு கைகளையும் நீட்டிக் காத்திருக்கிறாள். அது கையை விடுதல். நீட்டிய கைகளே இல்லாமற்போனால் அது கைவிடுதல். கழுத்தில் சாவியைத் தொங்கவிட்டுக்கொண்டு, இரவு வரை ஆளில்லாத அடுக்குமாடி வீட்டில் அடைந்து கிடக்கும் பிள்ளைகளும் இன்று இருக்கின்றனர். அவர்களுக்குத் தேவை கூடுதல் சுதந்திரம் அன்று, ஓர் அரவணைப்பு. அதே அடுக்குமாடியின் மற்றொரு வீட்டில், செருப்பைக்கூடத் தானாக மாட்டிப் பழகாத பிள்ளையும் இருக்கிறான். முந்தைய தலைமுறை சில வேளைகளில் கையை விடுவதாக எண்ணிக் கைவிட்டது. இன்றைய தலைமுறை கைவிட்டுவிடுவோமோ என்று அஞ்சிக் கையை விடவே மறுக்கிறது.

இரண்டிற்கும் இடையிலான வழியை அறிந்தவர்கள் தொலைவில் இல்லை. அந்தத் தோட்டத்தில் பத்து வயதில் தம்பி தங்கைகளை எழுப்பிப் பள்ளிக்கு அழைத்துச் சென்ற சிறுமிதான் இன்று மாசாயின் அடுக்குமாடியில் பேரனை எழுப்பும் பாட்டி. அந்தச் சுதந்திரத்தின் விலையும் அவருக்குத் தெரியும். அதன் பயனும் தெரியும். ஒரு மாலையில் அவர் பேரனிடம் ஐந்து ரிங்கிட்டைக் கொடுத்துக் கீழே உள்ள கடையில் சீனி வாங்கி வரச் சொல்லலாம். நடைபாதைக் கம்பியைப் பிடித்தபடி, அவன் படியிறங்கிக் கடைக்குள் நுழையும் வரை மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். அவன் சீனிக்குப் பதிலாக உப்பை வாங்கி வந்தால் அவரே இறங்கிப் போய் மாற்றி வர வேண்டியதில்லை. “போய், கடைக்காரத் தாத்தாவிடம் நீயே சொல்லி மாற்றி வா” என்று சொன்னால் போதும். இரண்டாவது முறை அவன் படியிறங்கும்போது, கம்பியருகே நிற்கும் பாட்டியை நிமிர்ந்து பார்க்காமலேயே போவான்.